வகுப்பறையில் ஒரே பெண்

கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்கு, 140 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஆண்டு 1902. ஏறத்தாழ அதே காலத்தில் புதுக்கோட்டையில் ஒரு கேள்வி எழுந்தது. ஆண்கள் மட்டுமே பயிலும் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கலாமா? ஆற்று நீரின் விசையால் தொலைதூர எந்திரங்களை இயக்கக் கற்றுவிட்ட காலத்திற்கும் இக்கேள்வி கடினமாகவே இருந்தது.

அக்கேள்விக்குக் காரணமானவர் முத்துலட்சுமி. 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் நாராயணசாமிக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாகப் பிறந்தார். பருவமடைந்த பெண்கள் பள்ளிக்குச் செல்வது அன்று வழக்கமில்லை. ஆதலால் அவரது பள்ளிப் படிப்பு நின்றது, பாடம் நிற்கவில்லை. கல்வியாளரான தந்தை வீட்டிலேயே கற்பிக்க, மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் தேறினார்.

மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு மூண்டது. ஒரு பெண் உடன் அமர்ந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என அஞ்சினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்தார். வகுப்பில் ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்து பாடம் கேட்டார். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே தேர்வு. ஆயினும் நடுவே ஒரு துணி. ஒழுக்கம் கெடும் என்று அஞ்சப்பட்டவர்கள் மாணவர்கள். மறைந்து அமர வேண்டியிருந்ததோ அவர்தாம்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறுவை மருத்துவப் பேராசிரியர் கர்னல் ஜிஃபர்டு தம் வகுப்பில் மாணவியரை அனுமதிப்பதில்லை. அந்தப் பாடத்திலேயே முத்துலட்சுமி முதன்மை மதிப்பெண் பெற்றார். பேராசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அதன்பின் அவ்வகுப்பின் கதவு மற்ற மாணவியருக்கும் திறந்தது. சிறந்த மதிப்பெண் பெறாத மாணவர்களும் அதுவரை அங்கே தடையின்றி அமர்ந்திருந்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று அவர் முன்வைத்த நிபந்தனைகளைக் கணவர் ஏற்றார்.

பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். தாயார் பிறந்த குலத்தின் துயரை அவர் அருகிருந்து அறிந்தவர். அவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. இதற்கிடையே, அவ்வாழ்விலிருந்து தப்பி வந்த சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மாணவியர் விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. எனவே தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம்.

புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம் அவர் நெஞ்சில் நெடுநாள் இருந்தது. அதன் பயனாக 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார்.

குழுச் செயல்: மாணவரும் மாணவியரும் கலந்து நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிக. தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளில் வாழும் ஒரு பாட்டியையும் ஒரு தாத்தாவையும் சந்தித்து, எந்த வகுப்புவரை படித்தார்கள், படிப்பு ஏன் நின்றது என்று இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க. விடைகளை ஒரே தாளில் அருகருகே எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக. பாட்டியின் விடையை ஒரு மாணவரும், தாத்தாவின் விடையை ஒரு மாணவியும் படிக்க வேண்டும்.