கேட்டது கிடைக்காத ஒரு தாய்: புனித செலி மார்ட்டின்



சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை எனலாம். ஆனால் அவரைப் பெற்றெடுத்த தாயைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

செலி 1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். தாயின் கடுங்கண்டிப்பில் மகிழ்ச்சியற்ற இளமைப் பருவம் அவருடையது. நோயாளிகளுக்குப் பணிபுரியும் அருட்சகோதரியாக விரும்பினார், மடத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படியானால் பல குழந்தைகளைத் தாரும், அவர்கள் அனைவரும் உமக்கே உரியவர்களாகட்டும் என்று இறைவனிடம் வேண்டினார்.

அலன்சோன் நகரம் லேஸ் பின்னலுக்குப் புகழ்பெற்றது. செலி அத்தொழிலைக் கற்று, 1853-இல் சொந்தமாகத் தொடங்கினார். பெண்கள் தங்கள் வீடுகளில் பின்னிய துண்டுகளை வியாழக்கிழமைதோறும் கொண்டுவந்து கொடுப்பர். அவற்றைத் தையல் தெரியாமல் இணைக்கும் கடினமான வேலையைச் செலி தாமே இரவு வெகுநேரம்வரை செய்தார். 1858 ஜூலை 13 அன்று கடிகாரத் தொழில் செய்த லூயி மார்ட்டினை மணந்தார். லூயியும் துறவு மடத்தை நாடிச் சென்று, இடம் கிடைக்காமல் திரும்பியவர். இருவரும் நாள்தோறும் அதிகாலைத் திருப்பலியில் பங்கேற்றனர்.

இறைவன் ஒன்பது குழந்தைகளைக் கொடுத்தார். ஆனால் 1867-க்கும் 1870-க்கும் இடையில் நான்கு பிள்ளைகளை அந்தத் தாய் அடக்கம் செய்தார். இரண்டு ஆண் குழந்தைகள், ஐந்து வயது எலன், பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தை. கண்ணீர் வடித்தார், ஆனால் பிள்ளைகளை விண்ணகத்தில் மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கையை விடவில்லை.

உயிரோடிருந்தவர்களில் லியோனி அவருக்குப் பெருங்கவலை. நோஞ்சான் பிள்ளை, படிப்பு ஏறவில்லை, பிடிவாதம் அதிகம். வீட்டுப் பணிப்பெண் அவளை மிரட்டி அடக்கி வைத்திருந்தது 1877-இல்தான் தாய்க்குத் தெரியவந்தது. அன்றுமுதல் லியோனி தாயின் நிழலாகவே மாறினாள். ஆனால் அதற்குள் செலியின் மார்பகப் புற்றுநோய் முற்றிவிட்டது. அறுவை சிகிச்சையால் பயனில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இந்த மகளுக்காகவாவது வாழவேண்டும் என்று 1877 ஜூன் மாதம் மூத்த மகள்கள் இருவரோடும் லியோனியோடும் லூர்து நகருக்குத் திருப்பயணம் போனார். ஊற்று நீரில் மூழ்கி எழுந்தார். புதுமை நடக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று 45ஆம் வயதில் இறந்தார். கடைக்குட்டி தெரேசாவுக்கு அப்போது நாலரை வயது.

செலியின் செபம் வீணாயிற்றா? ஐந்து மகள்களும் துறவிகளானார்கள். நால்வர் லிசியே கார்மேல் மடத்தில். லியோனி மூன்றுமுறை மடத்தில் சேர்ந்தும் நிலைக்க முடியாமல் வீடு திரும்பினார்; 1899-இல் கான் நகர் மினவுதல் சபை மடத்தில் மீண்டும் சேர்ந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான பணிகள் 2015-இல் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் செலியையும் லூயியையும் ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தினார். கணவன் மனைவி இருவரும் ஒரே நேரத்தில் இவ்வாறு உயர்த்தப்பட்டது அதுவே முதல்முறை. இவற்றில் எதையும் செலி தம் கண்ணால் காணவில்லை.

நாமும் நவநாள் செய்கிறோம், நேர்ச்சை வைக்கிறோம், திருத்தலங்களுக்கு நடந்தே போகிறோம். கேட்டது கிடைக்காதபோது, செபத்தையே விட்டுவிடுகிறோம். படிக்காத மகன், சொல் கேளாத மகள், குணமாகாத நோய் என நம் வீடுகளிலும் லியோனிகளும் லூர்துப் பயணங்களும் உண்டு. பலனைக் காணாமலே விதைத்துச் சென்ற இந்தத் தாயை, ஜூலை 12ஆம் நாள் அவரது விழாவில் மட்டுமன்றி, மனம் சோர்ந்த நாள்களிலும் நினைத்துக்கொள்வோம்.

புனித செலியே, எங்கள் தாய்மார்களுக்காக வேண்டிக்கொள்ளும்.