பலியின் பொருளைத் தேடிய வைத்தியர் மூஸா இப்னு மைமூன்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரகடத்தில் ஒரு வாடகை அறையில் நாலைந்து வாலிபர்களுடன் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வரிசையாக நிற்கும் மோட்டார் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள் அவர்கள். ஊருக்குப் போக விடுமுறை கிடைக்காததால், கூட்டுக் குர்பானியில் வந்த பங்கை ஒரே சட்டியில் ஆக்கி, பக்கத்து அறைக்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு, மீதியைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்: பனூ இஸ்ராயீல்களும் குர்பானி கொடுத்தார்களாமே, முழுப் பிராணியையும் நெருப்பில் எரித்து விடுவார்களாமே, அதனால் யாருக்கு என்ன பயன், இப்போது ஏன் அவர்கள் அதைச் செய்வதில்லை என்று. கம்பெனி பஸ் வரும் நேரம். அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து திரிந்த ஒருவரின் சரித்திரத்தை இங்கே சொல்லலாமென நினைக்கிறேன். அவர் யூதர். ஆனால் முஸ்லிம்களின் நாடுகளில் பிறந்து, வளர்ந்து, மறைந்தவர். அரபியில் சிந்தித்து அரபியில் எழுதியவர். மூஸா இப்னு மைமூன் என்று அரபு நூல்களும், மைமோனிடிஸ் என்று ஐரோப்பியரும் அழைப்பது அவரைத்தான்.

அவர் 1138-ல் ஸ்பெயினின் குர்துபா நகரில் பிறந்தார். இப்னு ருஷ்து பிறந்ததும் அதே ஊரில்தான், பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாக. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவரென வைணவர்கள் போற்றும் இராமானுசர் மறைந்ததாகச் சொல்லப்படுவது 1137. அந்த இராமானுசரும் தம் கீதை உரையில், வேத யாகத்தில் பிராணியைப் பலியிடுவது ஹிம்ஸையாகுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆகாது என்று வாதிட்டிருக்கிறார். வணக்கத்தில் இரத்தம் எதற்கு என்ற கேள்வி அந்தக் காலத்தில் ஒரு சமூகத்தாருக்கு மட்டும் வந்ததல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

தகப்பனார் மைமூன், குர்துபா யூதர்களின் நீதிபதி. மகனுக்குப் பத்து வயதிருக்கும்போது, 1148-ல், முவஹ்ஹிதுகளின் படை நகரைப் பிடித்தது. அதற்கு முன்பிருந்த முஸ்லிம் அரசர்கள் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் கொடுத்திருந்த பாதுகாப்பை இவர்கள் நீக்கி, இஸ்லாத்தை ஏற்க வேண்டும் அல்லது வெளியேற வேண்டுமென்றார்கள். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை ஓதிக்கொண்டே செய்த காரியம் இது, மறைப்பதற்கில்லை. குடும்பம் ஸ்பெயினுக்குள்ளேயே பல ஆண்டுகள் அலைந்து, 1160 வாக்கில் மொராக்கோவின் ஃபாஸ் நகருக்கு வந்தது. அங்கேயும் அதே முவஹ்ஹிதுகளின் ஆட்சிதான். 1165-ல் கப்பலேறினார்கள். நடுக்கடலில் புயல். அந்த நாளை ஆண்டுதோறும் நோன்பு நாளாக வைத்துக்கொள்வதென நேர்ந்துகொண்டு, ஒருவாறு அக்காவில் கரையிறங்கினார்கள்.

அந்த ஆண்டே அவர் பைத்துல் முகத்தஸுக்குச் சென்றார். நகரம் அப்போது சிலுவைப் போர்க்காரர்களின் கையில் இருந்தது. நபி ஸுலைமான் (அலை) அவர்கள் கட்டிய ஆலயத்தைக் கி.மு. 586-ல் பாபிலோனியர் இடித்தார்கள். மீண்டும் கட்டியதைக் கி.பி. 70-ல் ரோமர் இடித்தார்கள். அத்துடன் யூதரின் பலி நின்றது. வாலிபர் கேட்டாரே, ஏன் இப்போது செய்வதில்லை என்று, அதற்கு நேரான பதில் இதுதான்: அவர்களுடைய சட்டப்படி அந்த ஒரே இடத்தைத் தவிர வேறெங்கும் பலி கொடுக்கக் கூடாது. அந்த இடத்தில் நின்று இப்னு மைமூன் வணங்கினார். பலிபீடம் அணைந்து அப்போது ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. பிறகு கலீல் நகருக்குப் போய், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடக்கத்தலத்தையும் ஸியாரத் செய்தார்.

அந்தப் பலி எப்படி நடந்தது என்பதைச் சற்று விவரமாகவே சொல்லிவிடுகிறேன். நாம் குர்பான் என்கிறோம். எபிரேய மொழியிலும் கொர்பான் என்றே பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்று, நெருங்குதல் என்று பொருள். மாடு, செம்மறியாடு, வெள்ளாடு, புறா இவைதான் கொடுக்கத் தக்கவை. ஊனமில்லாததாக இருக்க வேண்டும். கொடுப்பவர் பிராணியின் தலைமீது கைகளை அழுத்தி வைப்பார். அறுத்த பின் இரத்தத்தைப் பலிபீடத்தில் சேர்ப்பார்கள்; இரத்தம் உண்பது அவர்களுக்கும் ஹராம். தினமும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று, சமூகம் முழுவதற்குமாக முற்றிலும் எரிக்கப்படும். ஆனால் எல்லாமே எரிக்கப்பட்டவை அல்ல. சமாதான பலி என்ற வகையில் கொழுப்பு மட்டும் நெருப்புக்கு. ஒரு பங்கு ஆலய ஊழியருக்கு. மீதியைக் கொடுத்தவரும் குடும்பத்தாரும் உண்பார்கள். பாஸ்கா பண்டிகை ஆட்டைச் சுட்டு வீட்டாரெல்லாரும் கூடி உண்பார்கள். நம் வீடுகளில் மூன்று பங்கு வைக்கிறோமே, அதை அறிந்தவர்களுக்கு இந்த முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. இன்றைக்கும் நாபுலூஸுக்கு அருகேயுள்ள ஜெரிஸீம் மலையில், சில நூறு பேரே எஞ்சியிருக்கும் சமாரியர் என்ற சிறு கூட்டத்தார் ஆண்டுதோறும் பாஸ்கா ஆடுகளை அறுக்கிறார்கள்.

சரித்திரத்துக்கு வருவோம். சிலுவைப் போர்க்காரர்களின் நாட்டில் பிழைப்புக்கு வழியில்லை. எகிப்துக்குப் போய் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் குடியேறினார்கள். தகப்பனார் அதற்குள் காலமாகிவிட்டார். இளைய சகோதரர் தாவூது இரத்தினக்கல் வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். அண்ணன் கவலையின்றிப் படித்தார், எழுதினார். மார்க்க அறிவை விற்றுச் சாப்பிடக் கூடாது என்பது இப்னு மைமூனின் உறுதியான கொள்கை. அதற்கு விலை கொடுத்தவர் தம்பிதான்.

தாவூது பாலைவனத்தைக் கடந்து செங்கடல் துறைமுகமான அய்தாபுக்குப் போய்ச் சேர்ந்து அண்ணனுக்கு எழுதிய கடிதம் ஒன்று கெய்ரோவின் பழைய யூத ஆலயக் காகிதக் குவியலில் அகப்பட்டு, இன்று கேம்பிரிட்ஜில் இருக்கிறது. வணிகக் கூட்டத்தைப் பிரிந்து தனியே வந்ததால் பிழைத்தாராம். பின்னால் வந்த கூட்டம் கொள்ளையடிக்கப்பட்டது. அய்தாபில் வாங்கத்தக்க சரக்கு எதுவுமில்லை, ஆகவே இந்தியாவுக்கே போய்விடுகிறேன், வீட்டிலுள்ள சிறியவளைத் தேற்றுங்கள் என்று எழுதியிருக்கிறார். நம்முடைய இந்தக் கடலில்தான் அவருடைய கப்பல் மூழ்கியது. தம்முடையதும் அண்ணனுடையதும் பிறருடையதுமான பணமெல்லாம் அவரோடு போயிற்று. ஒரு விதவையும் ஒரு சிறு பெண் குழந்தையும் மிஞ்சினர்.

சேதி கேட்டு இப்னு மைமூன் படுத்தவர், காய்ச்சலும் மனக்கலக்கமுமாக ஓராண்டு எழுந்திருக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து அக்காவிலுள்ள நண்பருக்கு எழுதும்போதும், தம்பியின் கையெழுத்துள்ள காகிதம் எதையாவது கண்டால் துக்கம் புதிதாகப் பொங்குவதாகச் சொல்கிறார். எழுந்தபின் அவர் வைத்தியத் தொழிலில் இறங்கினார். கெட்டிக்கார வைத்தியர். சுல்தான் ஸலாஹுத்தீனின் அமைச்சர் அல்-காழி அல்-ஃபாழில் அவரைத் தம் ஆதரவில் வைத்துக்கொண்டார். பின்னாளில் சுல்தானின் மகன் அல்-அஃப்ழலுக்கும் வைத்தியம் செய்தார். காலையில் கழுதையேறி அரண்மனைக்குப் போனால் திரும்ப நடுப்பகல் தாண்டிவிடும். வீட்டுத் திண்ணை நிறைய முஸ்லிம்களும் யூதர்களும், பெரியவர்களும் எளியவர்களும் காத்திருப்பார்கள். அவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சிறிது சாப்பிடுவார். ஒரு நாளைக்கு அதுதான் சாப்பாடு. பிறகு இரவுவரை, சில நாள் சோர்வில் படுத்துக்கொண்டே, நோயாளிகளைப் பார்ப்பார். 1199-ல் தம் நூலை மொழிபெயர்த்தவருக்கு அவரே எழுதிய விவரம் இது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் அவர் எழுதினார். 1178 வாக்கில் முடித்த பெரிய சட்டத் தொகுப்பு பதினான்கு புத்தகங்கள் கொண்டது. அதில் ஆலயப் பணிக்கு ஒரு புத்தகம், பலிகளுக்கு ஒரு புத்தகம். ஆயிரம் ஆண்டுகளாக நடக்காத வணக்கத்துக்கு, நாளையே நடக்கப் போவதுபோல, எந்தப் பாத்திரம், எந்த நேரம், யார் நிற்பது என்று விதி எழுதி வைத்தார். மஸீஹ் வரும்போது ஆலயம் எழும், பலிகளும் திரும்ப வரும் என்றும் எழுதினார். பலிகளுக்குக் காரணம் நமக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதற்காக இலேசாக எண்ணாதீர்கள் என்பது அந்நூலில் அவருடைய நிலை.

1190 வாக்கில் அரபியில் எழுதி முடித்த தலாலத்துல் ஹாயிரீன், அதாவது திகைத்து நிற்பவர்களுக்கு வழிகாட்டி, என்ற நூலில் அதே மனிதர் காரணம் சொல்லத் துணிந்தார். ஹலபுக்குப் போய்விட்ட ஒரு மாணவருக்காக எழுதப்பட்ட நூல் அது. அவர் கூறுவதன் சாரம் இது. அந்தக் காலத்து மக்கள் அனைவருக்கும் வணக்கம் என்றாலே சிலைகளின் முன் பிராணியை அறுப்பதும் சாம்பிராணி புகைப்பதும்தான். அதை ஒரே நாளில் விட்டுவிடச் சொன்னால் மனித சுபாவம் தாங்காது. பச்சைக் குழந்தைக்குப் பாலைத்தான் கொடுக்க முடியும். ஆகவே இறைவன் தன் கிருபையால் பழக்கத்தை வைத்துக்கொண்டு, அது யாருக்காக என்பதை மாற்றினான். சிலைகளுக்குச் செய்ததைத் தனக்குச் செய்யச் சொன்னான். அதிலும் ஒரே இடம், ஒரே குடும்பத்து ஊழியர் என்று சுருக்கினான். தொழுகையையும் துஆவையுமோ எவரும் எங்கும் செய்யலாமென விரித்து வைத்தான். எது அசல் நோக்கம், எது அதற்குப் போகும் வழி என்பது இதிலிருந்தே விளங்கும் என்கிறார். எகிப்தியர் ஆட்டைப் புனிதமாக எண்ணியதால்தான் ஆட்டை அறுக்கச் சொல்லப்பட்டது என்றும், மாட்டுக்கும் அப்படியே என்றும் எழுதுகிறார். இந்திய மக்கள் மாட்டை அறுப்பதில்லை என்ற செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

காளைக் கன்றை வணங்கிய கூட்டத்தாருக்கு ஒரு மாட்டை அறுக்கும்படி கட்டளை வந்தபோது அவர்கள் நிறம் என்ன, வயது என்ன என்று கேட்டுக் கேட்டு இழுத்தடித்ததை சூரத்துல் பகராவில் ஓதுகிறோம். இப்னு மைமூனின் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் இந்த விளக்கம் முழுவதையும் ஏற்றுக்கொள்வது கடினம். அவருக்குப் பின் வந்த ஸ்பானிய யூத அறிஞர் மூஸா இப்னு நஹ்மான் (1194–1270) கடுமையாகவே மறுத்தார். ஆதமுடைய மகன் ஹாபீல் குர்பானி கொடுத்தபோது உலகில் சிலை ஏது, எகிப்தியர் ஏது? நூஹ் நபி கப்பலிலிருந்து இறங்கிக் கொடுத்தது யாருடைய பழக்கத்தைப் பார்த்து? இதுதான் அவர் கேள்வி. பிராணியின் தலையில் கை வைப்பவன், தன் பிழைக்காகச் சிந்த வேண்டியது தன் இரத்தம்தானே என்று அந்த நேரத்தில் உணர்வதற்காகவே அந்தச் சடங்கு என்றார். இந்த இடத்தில் என் மனம் நஹ்மானின் பக்கமே சாய்கிறது. கலீலுல்லாஹ் இப்ராஹீம் (அலை) அவர்களின் சோதனையைப் பழக்கத்தின் மீது இரங்கிக் கொடுத்த சலுகை என்று எப்படிச் சொல்வது? அதே சமயம், நோக்கத்தை மறந்து சடங்கை மட்டும் பிடித்துக்கொள்வதைப் பற்றி இப்னு மைமூன் எச்சரித்ததும், இறைச்சியும் இரத்தமும் எங்கே போய்ச் சேர்வதில்லை என்று சூரத்துல் ஹஜ்ஜில் நாம் ஓதுவதும் தூரத்தில் இல்லை. பெருநாளுக்கு முன் ஆட்டின் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நம் வீடுகளுக்கு அது தேவையான பேச்சுத்தான்.

அவருக்கு எதிர்ப்பு வெளியிலிருந்தும் வந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவர், இவர் அங்கே முஸ்லிமாக இருந்தார், இப்போது மதம் மாறிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். நிரூபணமானால் உயிருக்கே ஆபத்து. நிர்ப்பந்தத்தால் சொல்லப்பட்ட இஸ்லாம் ஷரீஅத்தில் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லி அல்-காழி அல்-ஃபாழில் அவரைக் காத்தாரென்று வரலாற்றாசிரியர் அல்-கிஃப்தி எழுதி வைத்திருக்கிறார். சொந்தச் சமூகத்திலோ, அவர் இறந்த பிறகு 1230-களில் தெற்குப் பிரான்சின் யூதர்கள் அவருடைய நூலுக்கு எதிராகவும் ஆதரவாகவும் பிரிந்து, ஒருவரையொருவர் விலக்கி வைக்கும் அளவுக்குப் போனார்கள். நூலின் பிரதிகள் அங்கே எரிக்கப்பட்டதாகவும் சொல்வர். தப்ரேஸைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அறிஞரோ, அதே நூலின் தத்துவப் பகுதி ஒன்றுக்கு அரபியில் விரிவுரை எழுதினார்.

இப்னு மைமூன் 1204 டிசம்பரில் ஃபுஸ்தாத்தில் காலமானார். உடலைத் தபரிய்யாவுக்குக் கொண்டுபோய் அடக்கியதாக யூதர்கள் நம்புகிறார்கள். அங்கே இன்றும் ஸியாரத் நடக்கிறது. எகிப்து யூதரின் தலைமை அவருடைய ஒரே மகன் இப்ராஹீமிடம் வந்தது. அவரும் வைத்தியர். சூஃபிகளை மிகவும் மதித்தவர். பழைய நபிமார்களின் வழிமுறைகளை அவர்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். பலியில்லாத காலத்தில் உடலும் வணங்க வேண்டுமென்று சொல்லி, தம்மைப் பின்பற்றியவர்களுடன் கால்களைக் கழுவி, வரிசையாக நின்று, தரையில் நெற்றி படிய ஸஜ்தா செய்து தொழுதார். இது முஸ்லிம்களின் முறையாயிற்றே என்று அவருடைய மக்களில் சிலர் சுல்தானிடமே போய்ப் புகார் செய்தார்கள். 1237-ல் மரணிக்கும்வரை அவர் அதை விடவில்லை.