தோலைப் படித்த விஞ்ஞானி நாயுடம்மா



நம்ம ஜவ்வாது மலையில கடுக்காய் பொறுக்குவதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வயித்துக்கு நல்லதுன்னு பாட்டி சொல்லுவாங்க. அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தோல் பதனிடுவது! கீழே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில பேர் பெற்ற தொழில் அது. அந்தத் தொழிலையே தன் படிப்பாக எடுத்துக்கொண்ட ஒரு விஞ்ஞானியைப் பற்றி இப்போ தெரிஞ்சுக்கலாம்.

அவர் பெயர் எலவர்த்தி நாயுடம்மா. பெயர் ‘அம்மா’ன்னு முடியுதேன்னு பெண் என்று நினைச்சுடாதீங்க, ஆண்தான்! 1922 செப்டம்பர் 10-ல் ஆந்திராவில் தெனாலி பக்கத்துல ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொழில் வேதியியல் படித்தார். பிறகு அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்துல தோல் வேலைன்னாலே மூக்கைப் பொத்துவாங்க. அதைச் செய்யறவங்களைத் தள்ளி வைப்பாங்க. இவரோ விரும்பியே அந்தப் பக்கம் போனார்.

தோல் எப்படிப் பதமாகிறது தெரியுமா? பச்சைத்தோல் ஈரமா இருந்தா அழுகும், காய்ஞ்சா பலகை மாதிரி விறைக்கும். அதில் இருப்பது கொலாஜன் என்ற இயற்கைப் பாலிமர். அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு. மூணு இழை முறுக்கின கயிறு மாதிரி அது இருக்குதுன்னு 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுபிடித்தார்கள். கடுக்காய், ஆவாரம்பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகாது, சுலபமா அழுகாது. கடைசியில் எண்ணெய் சேர்த்தா மெத்தென்று வளையும். சூடான தண்ணீரில் பச்சைத்தோல் 65 டிகிரி வாக்கிலேயே சுருங்கிடும். குரோம் உப்பு நல்லா சேர்ந்த தோல் 100 டிகிரியையும் தாங்கும். தோல் அதேதான், சேர்க்கிற பொருள் மாறினா குணமே மாறிடுது!

நாயுடம்மா 1958 முதல் 1971 வரை சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தார். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே உட்காரவில்லை. விஞ்ஞானிகளைத் தோல் ஷாப்புகளோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார். பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பினால் லாபம் அவர்களுக்குத்தான். செருப்பு, பையாகச் செய்து அனுப்பினால் நம்ம தொழிலாளிக்கு வேலை கிடைக்கும். இதற்காகவே அவர் பாடுபட்டார். 1971-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதே ஆண்டு நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவுக்கே தலைமை இயக்குநரானார்.

1985 ஜூன் 23-ல் கனடாவிலிருந்து திரும்பும்போது, அவர் வந்த கனிஷ்கா விமானம் குண்டுவெடித்து அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதில் இருந்த 329 பேரும் இறந்தார்கள். அவருக்கு அப்போ வயது 62.

ஒரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. தோலில் பிடிக்காம மிஞ்சுற உப்பும் குரோமும் தண்ணியில போகாம தடுப்பது எப்படி? அந்த வேலை இன்னும் முடியலை.

கடுக்காய் நம்ம மலையில இருக்கு. அதைப் பொறுக்கறதோட நிக்காம, அதுக்குள்ள என்ன இருக்குன்னும் படிப்போம். நம்ம மலையிலிருந்தும் ஒருத்தர் அடையாறு ஆய்வுக்கூடத்துக்குப் போகட்டுமே!