இயன் மர்டொக்

இயன் ஆஷ்லி மர்டொக் (ஏப்ரல் 28, 1973 - டிசம்பர் 28, 2015) ஓர் அமெரிக்க மென்பொருள் பொறியாளர் ஆவார். டெபியன் லினக்ஸ் வழங்கலைத் தோற்றுவித்தவர். பலர் தனித்தனியே எழுதிய மென்பொருட்களை, ஒன்றோடொன்று முரண்படாத பொதிகளாக்கி ஒரே இயங்குதளமாகத் தரும் முறை வேரூன்ற இவரது பணி வழிவகுத்தது.

இளமை

மேற்கு ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயின்று 1996 இல் பட்டம் பெற்றார்.

டெபியன்

மாணவராக இருந்தபோது எஸ்.எல்.எஸ். என்னும் லினக்ஸ் வழங்கலைப் பயன்படுத்தினார். அதில் வழுக்கள் மலிந்திருந்தன. அவை முறையாகத் திருத்தப்படவும் இல்லை. எனவே 1993 ஆகஸ்ட் 16 அன்று புதிய வழங்கல் ஒன்றை அறிவித்தார். பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்கு டெபியன் எனப் பெயரிட்டார். வழங்கலும் லினக்ஸ் கருவைப் போலவே பலரால் திறந்த முறையில் உருவாக்கப்பட வேண்டும் என்பது 1994 இல் இவர் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் சாரம். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1994 நவம்பர் முதல் ஓராண்டு நிதியுதவி அளித்தது.

பொதிகளும் சார்புகளும்

பெரும்பாலான மென்பொருட்கள், பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளான நிரலகங்களைச் சார்ந்தே இயங்குகின்றன. தேவையான நிரலகம் இல்லாவிட்டாலோ, பொருந்தாத பதிப்பு இருந்தாலோ மென்பொருள் இயங்காது. ஒவ்வொரு பொதியையும் வெவ்வேறு தன்னார்வலர் பராமரிக்கும் டெபியனில் இச்சிக்கலுக்குப் பொது விதி தேவைப்பட்டது. தனக்கு எப்பொதிகள், எப்பதிப்பு முதல் தேவை, எவற்றோடு முரண்படும் என்பதை ஒவ்வொரு பொதியும் அறிவிக்கிறது. நிறுவும்போது அதனைச் சரிபார்ப்பது டிபிகேஜி என்னும் கருவி. 1994 இல் மர்டொக்கின் சிறு நிரலாகத் தொடங்கிய இது, பின்னர் இயன் ஜாக்சனால் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. 1999 இல் டெபியன் 2.1 உடன் வந்த ஏபிடி, சார்புப் பொதிகளைத் தானே பதிவிறக்கி நிறுவியது.

நிரலகம் பொதுவாக இருப்பின், அதில் காணப்படும் பாதுகாப்பு வழுவை ஓரிடத்தில் திருத்தினால் பெரும்பாலும் போதுமானது. ஒவ்வொரு மென்பொருளும் தனிப்படி வைத்திருப்பின் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும்.

பிற்காலம்

1996 இல் தலைமைப் பொறுப்பைப் புரூஸ் பெரென்சிடம் ஒப்படைத்தார். பின்னர் புரொஜெனி நிறுவனத்தைத் தொடங்கினார். 2007 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் சேர்ந்து ஓப்பன்சோலாரிஸ் உருவாக வழிசெய்த இந்தியானா திட்டத்தை நடத்தினார். 2015 இல், மென்பொருளை அதன் சார்புகளுடன் சேர்த்தே கட்டித்தரும் டாக்கர் நிறுவனத்தில் இணைந்தார். அவ்வாண்டே தமது 42 ஆம் வயதில் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.

நிறுவனர் விலகிய பின்னும் டெபியன் தன்னார்வலர்களால் தொடர்ந்து வளர்ந்தது. 2004 இல் வெளியான உபுண்டு அதனை அடிப்படையாகக் கொண்டதே. 2017 இல் வெளியான டெபியன் 9 பதிப்பு மர்டொக்கின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.