ஆல்பர்ட் ஹோவார்ட்

சர் ஆல்பர்ட் ஹோவார்ட் (டிசம்பர் 8, 1873 – அக்டோபர் 20, 1947) ஆங்கிலேயத் தாவரவியலாளர். இந்தூர் முறை எனப்படும் மட்குரத் தயாரிப்பை வகுத்தவர். இயற்கை வேளாண்மையின் முன்னோடிகளுள் ஒருவர். வேர்களோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளின் சிறப்பை வேளாண்மை உலகிற்கு வலியுறுத்தியவர்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் சிராப்சையரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, 1899-இல் மேற்கிந்தியத் தீவுகளில் பூஞ்சையியலாளராகப் பணியேற்றார். அங்கு பூஞ்சை இவருக்குக் கரும்பின் பகையாகவே அறிமுகமாயிற்று. 1905-இல் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்திற்கு வந்தார். முதல் மனைவி கேப்ரியலும் தாவரவியலாளர். பூசா கோதுமை வகைகள் இருவரின் உழைப்பில் உருவானவை. 1924 முதல் 1931 வரை இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1934-இல் சர் பட்டம் பெற்றார்.

வேர்ப்பூஞ்சை

வேர்ப்பூஞ்சை என்னும் பெயரை 1885-இல் ஜெர்மானியரான பிராங்க் சூட்டினார். ஓய்வுக்குப் பின், இந்தியா, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை 1937-38-இல் ஹோவார்ட் சுற்றிப் பார்த்தார். மட்குரமிட்ட செடிகளின் வேர்களில் பூஞ்சை செழித்திருப்பதை அறிந்தார். 1940-இல் வெளியான தம் நூலில் வாழை, திராட்சை, ஏலம், தென்னை, கரும்பு முதலியவற்றையும் இத்தகைய பயிர்களாகக் குறிப்பிட்டார். இவை ஏறத்தாழ அனைத்தும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலும் அதை அடுத்த மலைகளிலும் விளைபவை என்பது குறிப்பிடத்தக்கது.

பூஞ்சை இழைகளை வேர் செரித்துப் புரதம் பெறுகிறது என ஹோவார்ட் கருதினார். இக்கருத்து பிற்கால ஆய்வில் நிலைக்கவில்லை. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகர்வதில்லை. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் அது விரைவில் தீர்ந்துவிடும். வேர்த்தூவியினும் மெல்லிய பூஞ்சை இழைகள் சில சென்டிமீட்டர் அப்பால் சென்று அதனைத் திரட்டுகின்றன. வேரின் செல்லுக்குள் சிறு மரம்போல் கிளைத்த இழைகளின் வழியே மணிச்சத்தும் துத்தநாகமும் செடியை அடைகின்றன. மாற்றாகச் செடி சர்க்கரையும் கொழுப்பும் அளிக்கிறது. ஆயினும் செயற்கை உரம் இவ்வுறவைக் குலைக்கும் என்ற இவரது கூற்று முழுதும் தவறன்று. மணிச்சத்து மிகுந்த மண்ணில் செடி பூஞ்சையைக் குறைவாகவே ஏற்கிறது.

தமிழக உழவர்கள் வேம் என்ற பெயரில் நாற்றங்காலிலும் நடவுக் குழியிலும் இடும் உயிர் உரம் இவ்வகைப் பூஞ்சையே. மணிச்சத்து உரம் அளவுக்கு மீறி இட்ட தோட்டங்களில் இதன் பயன் குறையும்.