கப்பற் கணக்கர் மோரெல்

அரசர், படைத்தலைவர், புலவர் ஆகியோரின் சரித்திரங்கள் கல்லூரிச் சஞ்சிகைகளில் ஆண்டுதோறும் வெளிவருதல் மரபு. ஈண்டு நாம் எழுதப் புகுந்ததோ ஒரு குமாஸ்தாவின் சரித்திரம். கணக்குப் புத்தகமொன்றைக் கருத்தூன்றிப் படித்தமையால், ஓர் அரசனின் கொடுமையை உலகறியச் செய்தவர் அவர். கணக்குப் பாடத்தில் நமக்கு என்றும் விருப்பம் இருந்ததில்லை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பை நாடியமைக்கு அதுவும் ஒரு காரணமே. இவர் வரலாற்றைக் கற்ற பின்னர் அவ்வெறுப்பைக் குறித்துச் சிறிது நாணமடைந்தோம்.

எட்மண்டு மோரெல் 1873ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பிரெஞ்சுக்காரர், தாயார் ஆங்கில மாது. நான்கு வயதிலேயே தந்தையை இழந்த அவர், இங்கிலாந்திற் சில்லாண்டு கற்று, குடும்ப வறுமையால் பதினைந்தாம் வயதிற் பள்ளியை விடுத்துப் பாரிஸில் ஒரு பாங்கியிற் பணிக்கமர்ந்தார். 1891இல் லிவர்ப்பூல் நகரத்து எல்டர் டெம்ப்ஸ்டர் என்னும் கப்பற் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊதியம் போதாமையால், ஆப்பிரிக்க வியாபாரத்தைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் வரைந்தும் பொருளீட்டினார். அந்நாளில் அவர் கப்பல் வணிகரின் கண்கொண்டே ஆப்பிரிக்காவை நோக்கினார் என்பதை மறைத்தல் தகாது.

அக்காலத்துக் காங்கோ நாட்டின் நிலையை இங்குச் சிறிது கூறுதல் வேண்டும். 1884–85இல் பெர்லின் நகரிற் கூடிய ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைத் தமக்குட் பங்கிடும் முறைகளை வகுத்தன. அவ்வமயம் பெல்ஜிய மன்னன் இரண்டாம் லியோபோல்டு, தன் நாட்டைப்போல் ஏறத்தாழ 76 மடங்கு பரப்புள்ள காங்கோவைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்டான். பெல்ஜிய நாட்டுக்கன்று, தனக்கு. அடிமை வாணிகத்தை ஒழிப்பதும் நாகரிகத்தைப் பரப்புவதுமே தன் நோக்கமென்று அவன் பறைசாற்றினான், பலர் நம்பினர். குடியிருப்பும் விளைநிலமும் அல்லாத காடெல்லாம் அரசுக்குரியதெனச் சட்டம் பிறந்தது. காட்டிற் படர்ந்த ரப்பர்க் கொடியும் யானையின் தந்தமும் அவ்வாறே அரசன் உடைமையாயின.

1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த சக்கரப்பட்டையைக் கண்டுபிடித்தமையால் ரப்பரின் விலை ஏறிற்று. அதன் பின்னரே காங்கோ மக்களின் உண்மையான துன்பம் தொடங்கிற்று எனலாம். ஒவ்வோர் ஊரும் இத்துணை ரப்பர் கொணர வேண்டுமென அளவு விதிக்கப்பட்டது. ஆடவர் காட்டிற்குச் சென்று மீளுமளவும் பெண்டிரைப் பிணையாகச் சிறையிலிட்டனர். மறுத்த ஊர்களின்மேற் படை ஏவப்பட்டது. வீணாகச் சுடவில்லை என்பதற்குச் சான்றாக, செலவான தோட்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு வலக்கையை வெட்டிக் கொணருமாறு படைவீரரைப் பணித்தனர். வேட்டையிற் றோட்டாவைச் செலவிட்டவர் உயிரோடிருப்பார் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்ததும் உண்டு. கணக்கு என்னும் சொல் இத்துணை இழிந்த பொருளில் வழங்கியதை நாம் வேறெங்கும் கண்டிலோம்.

இவற்றுள் ஒன்றும் மோரெல் அறியார். அவர் அறிந்தது துறைமுகம். காங்கோவுக்கும் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் இடையே சரக்கேற்றும் உரிமை அவர் கம்பெனிக்கே இருந்தது. பிரெஞ்சு மொழி வல்லவராதலால் மோரெல் அடிக்கடி ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பப்பட்டார். காங்கோவிலிருந்து வரும் கப்பல்கள் ரப்பரும் தந்தமும் நிறைந்து வந்தன. திரும்பிச் செல்லும் கப்பல்களிலோ பெரும்பாலும் துப்பாக்கியும் வெடிமருந்தும், அரசின் ஊழியர்க்கு வேண்டிய பண்டங்களுமே சென்றன. வாணிகமாயின் துணி, உப்பு, பாத்திரம் போன்றவை விலையாகச் செல்லுதல் வேண்டுமன்றோ? அரசு வெளியிட்ட புள்ளிகளைத் தம் கம்பெனியின் ஏடுகளோடு ஒப்பிட்டார். வந்திறங்கிய சரக்கு அச்சிட்ட கணக்கினும் மிகுதியாயிருந்தது. பண்டமாற்று இல்லை, பணமும் இல்லை, ஆயினும் சரக்கு மலைமலையாகக் குவிகின்றது. கட்டாய வேலையன்றி இதற்கு வேறு காரணம் இருத்தல் இயலாதென அவர் தெளிந்தார். ஒரு கதறலையும் செவியாற் கேளாது, ஒரு பிணத்தையும் கண்ணாற் காணாது, வரவு செலவு இரண்டையும் எதிரெதிர் வைத்தே அவர் இம்முடிபுக்கு வந்தார். இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த இடம் இதுவே.

கம்பெனியின் தலைவர் ஸர் ஆல்பிரட் ஜோன்ஸ் லிவர்ப்பூலில் லியோபோல்டின் கௌரவ கான்சலாகவும் விளங்கினார். மோரெல் தாம் கண்டதை அவரிடமே எடுத்துரைத்தார். அதனால் விளைந்தது மனத்தாங்கலே. உயர்ந்த ஊதியத்துடன் வேறு தேயத்தில் உத்தியோகம் தர முன்வந்தனர். மோரெல் அதனை ஏற்றிலர். மனைவியும் சிறு மக்களும் உடைய அவர், 1901இல் அவ்வேலையைத் துறந்து எழுதுகோலையே நம்பிப் புறப்பட்டார். 1903இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். அவ்வாண்டு மே மாதத்திற் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை காங்கோ நிலைமையைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அங்கிருந்த கான்சல் ரோஜர் கேஸ்மெண்டு உள்நாட்டுக்குச் சென்று நேரிற் கண்டு எழுதிய அறிக்கை 1904இல் வெளியாயிற்று. கணக்கேட்டிற் கண்டதனைத்தும் மெய்யென நிலைநாட்டப்பட்டது. அவ்விருவரின் நட்பினால் 1904 மார்ச்சில் காங்கோ சீர்திருத்தச் சங்கம் தோன்றியது.

மோரெலுக்குச் செய்தி அளித்தவருள் மிஷனரிமார் பலர். ஷெப்பர்டு என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பாதிரியார், 1899இல் ஒரு முகாமிற் புகையில் உலர்த்தப்பட்ட 81 வலக்கைகளைத் தாமே எண்ணியவர். ஆலிஸ் ஹாரிஸ் என்னும் அம்மையார் பிடித்த நிழற்படங்கள் ஊர்தோறும் கூட்டங்களிற் காட்டப்பட்டன. தன் சிறுமகளின் வெட்டுண்ட கையையும் காலையும் நோக்கியவாறு இருக்கும் ந்சாலா என்னும் தந்தையின் படம் அவற்றுள் ஒன்று. ஆனால் மிஷனரிமாரைப் பற்றிப் பெருமை மட்டும் பேசுதல் நேர்மையன்று. புதிய நிலையங்களுக்கு இடம் மறுக்கப்படுமென அஞ்சி நெடுங்காலம் வாய்மூடியிருந்த சபைகளும் உண்டு.

லியோபோல்டு சும்மாவிருந்தானல்லன், பத்திரிகைகளுக்குப் பொருளீந்து மறுப்பெழுதுவித்தான். அவன் நியமித்த விசாரணைக் குழுவே 1905இல் குற்றங்களை மெய்யென உரைத்தது. 1908 நவம்பரில் காங்கோ பெல்ஜிய அரசின் வசமாயிற்று. கைமாறுமுன் பிரஸ்ஸல்ஸ் நகரிற் காங்கோ அரசின் ஏடுகளைப் பல நாள் எரித்தனர். அடுத்த ஆண்டு மன்னன் மாண்டான். காங்கோவை ஆண்டவனும் அதற்காக வழக்காடிய மோரெலும் அம்மண்ணை ஒருகாலும் மிதித்தவரல்லர் என்பது விந்தையே.

பின்னைய வாழ்வை விரைந்து கூறுவோம். 1914இல் மூண்ட போரை எதிர்த்தமையால் நண்பர் பலரை இழந்தார், 1917இல் ஆறு திங்கள் சிறைத்தண்டம் பெற்றார், உடல் நலிந்தது. 1922இல் டண்டீ தொகுதியில் வின்ஸ்டன் சர்ச்சில் தோல்வியுறத் தாம் வெற்றி பெற்றுப் பார்லிமெண்டுக்குச் சென்றார். 1924 நவம்பர் 12ஆம் நாள் காலமானார்.

இவற்றினிடையே நம்மை வருத்திய செய்தி ஒன்றுண்டு. போருக்குப்பின் ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையைக் காவல்புரியப் பிரான்சு ஆப்பிரிக்கப் படைவீரரை நிறுத்தியது. அவ்வீரரைக் காமவெறி பிடித்தோராகச் சித்திரித்து மோரெல் 1920இல் எழுதிய எழுத்துக்கள், காங்கோ மக்களுக்காக எழுதிய அதே கையினின்று பிறந்தனவோ என ஐயுறச் செய்கின்றன. ஆப்பிரிக்கரை அவர் தம் நாட்டில், தம் நிலத்தில் வாழவேண்டியவராகவே கண்டார். ஐரோப்பாவில் ஆயுதமேந்தி நிற்பவராகக் காண அவர்க்கு மனம் ஒப்பவில்லை. இதனை விடுத்து அவர் புகழை எழுத நமக்கு மனம் ஒப்பவில்லை.

மோரெலின் சங்கம் தன் பணி முடிந்ததெனக் கருதி 1913இற் கலைந்தது. பணி முடிந்ததோ? ரப்பர் போய்க் கடாங்காவின் செம்பு வந்தது. சுரங்கங்களுக்கு ஆள்சேர்த்ததிலும் கட்டாயம் நீங்கவில்லை. ஹிரோஷிமாவில் 1945இல் இடப்பட்ட குண்டின் யுரேனியத்திற் பெரும்பங்கு ஷிங்கொலொப்வே சுரங்கத்தினின்று சென்றது. 1960 ஜூன் 30இல் நாடு விடுதலை பெற்றபோது, பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோவினர் முப்பதின்மருக்கும் குறைவு. ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பிலேயே அத்தொகையினர் அமர்வதைக் காணும் நமக்கு, அவ்வெண் கை வெட்டிய செய்தியினும் ஆறாத புண்ணாகத் தோன்றியது. அடுத்த மாதமே கடாங்கா பிரிந்தது. 1961 ஜனவரியில் முதற் பிரதமர் லுமும்பா கொல்லப்பட்டார். அவர் உடலில் எஞ்சிய ஒரே பல்லைப் பெல்ஜியம் 2022இல் மக்களிடம் திருப்பித் தந்தது. கைப்பேசிக்கும் மின்வண்டிக்கும் வேண்டிய கோபால்ட்டில் உலகத் தொகையிற் பாதிக்கு மேல் இன்று காங்கோவிலிருந்தே அகழப்படுகின்றது. கொல்வேசி நகரைச் சூழ்ந்த குழிகளில் வெறுங்கையாற் றோண்டுவோருட் சிறாரும் உளர்.

மோரெலின் கடிதங்களும் குறிப்புத் தாள்களும் லண்டன் பொருளியற் கல்லூரியின் நூலகத்திற் பேணப்பட்டு வருகின்றன.