எழுதத் தெரியாமல் கதை சொன்னவர் – வை.மு. கோதைநாயகி அம்மாள்

1924ஆம் ஆண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் ஆசாரமான ஒரு வைணவக் குடும்பம். அந்த வீட்டின் மருமகள் ஒரு நாடகத்தைக் காட்சி காட்சியாக வாயால் சொல்லிக்கொண்டே போனார். அருகிலிருந்த தோழி அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தார். சொன்னவர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். படிப்பார், ஆனால் தடையில்லாமல் எழுத வராது. கதையோ மனத்தில் ஊற்றெடுத்து நின்றது. அதனால் தோழியின் கையை இரவல் வாங்கினார்.

அப்படி உருவான நாடகம் 'இந்திரமோகனா'. சொன்னவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். பின்னாளில் 115 நாவல்கள் எழுதியவர். 'ஜகன்மோகினி' என்ற மாத இதழைத் தமக்கே சொந்தமாக்கிக்கொண்டு 35 ஆண்டுகள் நடத்தியவர். இரவல் கையில் தொடங்கியவர் சொந்தப் பத்திரிகைக்கு வந்து சேர்ந்த கதை, தமிழ்ப் பதிப்புலகின் சரித்திரத்தில் மறக்கக்கூடாத ஓர் அத்தியாயம்.

தாயில்லாக் குழந்தை

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ந் தேதி பிறந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த நீர்வளூர் அவருடைய குடும்பத்தின் ஊர். தந்தை வெங்கடாச்சாரி, தாயார் பட்டம்மாள். குழந்தைக்கு நினைவு தெரிவதற்கு முன்பே தாயார் காலமாகிவிட்டார். பாட்டியும் சித்தியும்தான் வளர்த்தார்கள். அவர்கள் மடியில் கேட்ட புராணக் கதைகளே அவருடைய முதல் பாடப் புத்தகம்.

1907ல், ஆறு வயது நிறைவதற்குள், அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கும் சிறு வயதுதான். குழந்தை மணம் சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. புகுந்த வீடு தமிழ்ப் புலமைக்குப் பெயர்பெற்ற வை.மு. குடும்பம். வைத்தமாநிதி, முடும்பை என்ற குடும்பப் பெயர்களின் முதலெழுத்துக்களே 'வை.மு.' ஆயின. கம்பராமாயணத்துக்கு உரை கண்ட வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் இந்த மரபினரே. தமிழ் ஓதும் ஓசை வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. பாசுரமும் பாட்டும் காது வழியாகவே அவருக்குப் படிந்தன.

அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்வது அவருக்குப் பெரும் பொழுதுபோக்கு. கேட்ட கதைகள் தீர்ந்ததும் தாமே புதிதாகக் கட்டத் தொடங்கினார். மனைவியின் ஆர்வத்தைக் கணவர் கண்டுகொண்டார். நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். குடும்பப் பெண் கொட்டகைக்குப் போய் நாடகம் பார்ப்பதே பேச்சுக்கு இடமான நாள் அது. மேடையில் கண்ட காட்சிகள், பாட்டு, திடீர்த் திருப்பங்கள் எல்லாம் மனத்தில் தங்கின. முதல் படைப்பு நாடகமாகவே அமைந்ததில் வியப்பில்லை.

நின்றுபோன பத்திரிகை

'இந்திரமோகனா' அச்சேறியதும் அம்மையாருக்குத் துணிவு பிறந்தது. எழுதவும் பழகிக்கொண்டார். அடுத்து 'வைதேகி' என்ற நாவலைத் தொடங்கினார். அந்நாளில் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்களுக்குத் தமிழ்நாடு முழுவதும் வாசகர்கள் இருந்தார்கள். 'மனோரஞ்சனி' என்ற பத்திரிகையையும் அவர் நடத்திவந்தார். 'மேனகா'வின் ஆசிரியரான அவர், புதிதாக எழுத வந்த பெண்ணைத் தட்டிக்கொடுத்தார். யோசனை சொல்லி வழிகாட்டினார்.

ஒரு நாவலை எழுதி முடிப்பது பாதி வேலைதான். அதைப் புத்தகமாக்குவதற்கு அச்சுக்கூடத்துக்கு நடக்க வேண்டும். காகிதத்துக்குப் பணம் கட்ட வேண்டும். புரூப் திருத்த வேண்டும். புத்தகக் கடைக்காரரின் தயவை நாட வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டுவதற்கே ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய பெண் இத்தனையையும் எப்படிச் செய்வது?

இதற்கு ஒரு வழி பிறந்தது. 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகை நடக்க முடியாமல் நின்றுபோயிருந்தது. 1925ல் அம்மையார் அதை வாங்கித் தம் பொறுப்பில் நடத்தத் தொடங்கினார். 'வைதேகி' அதில் தொடர்ந்து வெளிவந்தது.

இந்த முடிவின் பயன் பெரிது. சந்தாதாரர் முன்பணமாக அனுப்பும் தொகை இதழை அச்சிட உதவும். மாதந்தோறும் வரும் கதை வாசகரை அடுத்த இதழுக்குக் காத்திருக்க வைக்கும். கதை முடிந்ததும் அதையே புத்தகமாக்கலாம். அந்தப் புத்தகத்துக்குப் பத்திரிகையிலேயே விளம்பரம் செய்யலாம். இடையில் எவர் தயவும் வேண்டியதில்லை. கதையை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்ப்புச் சொல்ல வேறொருவர் இல்லை.

பெண் ஒருவர் தமிழ்ப் பத்திரிகை நடத்துவது அதற்கு முன்பும் உண்டு. பண்டிதை விசாலாட்சி அம்மாள் 'ஹிதகாரிணி'யை நடத்தியிருக்கிறார். ஆனால் தம் நாவல்களையே முதுகெலும்பாகக் கொண்டு ஒரு பத்திரிகையை இவ்வளவு நீண்ட காலம் நிலைநிறுத்தியவர் கோதைநாயகி அம்மாளே.

ஊர் சும்மா இருக்கவில்லை. எழுதும் பெண்ணைப் பழித்தது. எழுதவிட்ட கணவரையும் சேர்த்து ஏசியது. பார்த்தசாரதி அந்த ஏச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்திரிகைப் பணியில் மனைவிக்குத் தோள் கொடுத்தார்.

கதையும் கதரும்

அம்மையாரின் நாவல்களில் காதல் உண்டு. காதலைத் தடுக்கும் சூழ்ச்சி உண்டு. மர்மமும் துப்பறிதலும் உண்டு. வாசகரை இழுத்துப் பிடிக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. ஆனால் கதையின் அடியில் வேறொரு நீரோட்டம் ஓடியது. குழந்தை மணம், விதவையின் துயரம், வரதட்சணை, குடி ஆகியவற்றைக் குடும்பத்துக்குள்ளிருந்தே பார்த்து எழுதினார். ஆறு வயதுக்குள் மணமாலை சூடிய ஒருவருக்கு இவை ஏட்டுப் பிரச்னைகள் அல்லவே!

1925ல் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். எஸ். சீனிவாச ஐயங்காரின் இல்லத்தில் அம்மையார் அவரைச் சந்தித்தார். அதன் பின் பட்டும் நகையும் போயின. கதர்ச் சேலை வந்தது. சீனிவாச ஐயங்காரின் புதல்வி அம்புஜம்மாள் அவருக்கு உற்ற தோழியானார். காங்கிரஸ் மேடைகளில் அம்மையார் பேசினார். இனிய குரல் வாய்த்திருந்ததால் தேசியப் பாடல்களும் பாடினார்.

1930களின் தொடக்கத்தில் மறியல் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அந்த மாதங்களில் பத்திரிகையைத் தவறாமல் கொண்டுவரும் பொறுப்பு கணவருடையதாயிற்று. சிறையில் பல வகைப் பெண் கைதிகளோடு பழகும் சந்தர்ப்பம் அம்மையாருக்குக் கிடைத்தது. அவர்கள் சொன்ன சொந்தக் கதைகள் அவர் பேனாவுக்குப் புதிய பொருளைத் தந்தன. வீட்டுச் சுவருக்குள் கிடைக்காத அனுபவம் சிறைச் சுவருக்குள் கிடைத்தது!

போரும் காகிதமும்

இரண்டாம் உலகப் போர் பத்திரிகைகளுக்குப் பெரும் சோதனையாக வந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குண்டு விழும் என்ற அச்சத்தில் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சோடு வெளியூர்களுக்குப் புறப்பட்டார்கள். அம்மையாரின் குடும்பமும் செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கஷ்ட காலத்தையும் 'ஜகன்மோகினி' கடந்து நின்றாள்.

இதற்குள் அவர் கதைகள் திரைக்கும் போயிருந்தன. 'ராஜமோகன்' 1937லும் 'அனாதைப் பெண்' 1938லும் படங்களாக வந்தன. திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அம்மையார் உறுப்பினராகப் பணியாற்றினார். காந்தியடிகள் மறைந்த 1948ல், அவர் நினைவாகத் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஏழைப் பெண்களும் குழந்தைகளும் அதனால் பயன் பெற்றார்கள்.

தணிந்த விளக்கு

35 ஆண்டுகளில் 115 நாவல்கள் என்றால் ஆண்டுக்கு மூன்றுக்கு மேல். அம்மையாரின் சுதந்திரத்துக்கு அவர் கொடுத்த விலையும் இதுவே. மாதம் பிறந்தால் இதழ் வெளிவந்தாக வேண்டும். சந்தாதாரரை ஏமாற்றக் கூடாது. கதையை மறுக்க ஆளில்லாததுபோலவே, சுருக்கச் சொல்லவும் திருத்தச் சொல்லவும் ஆளில்லை. உபதேசம் நீள்கிறது, தற்செயல்கள் மிகுதி என்று இலக்கிய விமர்சகர்கள் குறை கண்டார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் பள்ளிப் படிப்பில்லாத எத்தனையோ பெண்கள் எழுத்துக்கூட்டியாவது ஒரு நாவலைப் படித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட காலத்தில், அந்த ஆசைக்குத் தீனி போட்டவை இத்தகைய கதைகளே. தங்களைப் போலவே படிப்பு மறுக்கப்பட்ட ஒருத்தி எழுதுகிறாள் என்ற எண்ணமே அவர்களுக்கு ஒரு பலம்.

1956ல் அம்மையாரின் ஒரே மகன் சீனிவாசன் காலமானார். ஊர்ப் பழிக்கும் சிறைக்கும் கலங்காத நெஞ்சம் அந்த அடியில் உடைந்தது. உடலும் தளர்ந்தது, காசநோய் பற்றியது. 1960 பிப்ரவரி 20ந் தேதி அவர் மறைந்தார்.

நடத்தியவரோடு 'ஜகன்மோகினி'யும் விடைபெற்றது. பத்திரிகையை நம்பியிருந்த புத்தகங்களும் மெல்ல மெல்லக் கடைகளிலிருந்து மறைந்தன. ஒரு மனிதரின் தோளில் மட்டுமே நிற்கும் காரியாலயத்துக்கு நேரும் கதி இதுதான். ஆனாலும் கதைகள் உடனே மறைந்துவிடவில்லை. 1966ல் பத்மினி நடித்து வெற்றி பெற்ற 'சித்தி' திரைப்படத்துக்கு மூலம், அம்மையாரின் 'தயாநிதி' நாவல். தாயில்லாமல், சித்தியின் கையில் சோறுண்டு, அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவரின் கதை, அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயரிலேயே திரைக்கு வந்தது.

தோழியின் கையைக் கடன் வாங்கிய 1924லேயே, தமக்கு எழுத வராது என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். குறை சொல்லவும் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். எழுத வராவிட்டால் சொல்லலாம், வெளியிட ஆளில்லாவிட்டால் தாமே வெளியிடலாம் என்று துணிந்தார். தமிழ்ப் பெண்ணெழுத்துக்கு அந்தத் துணிவு ஒரு வாசலைத் திறந்து வைத்தது.